ஒரு எஸ்

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்சந்தில் என் கடை.
ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின்.
பலகையில் 'ஜெராக்ஸ்' என்பதை
எக்ஸில் தொடங்காமல் இசட்டில் எழுதிவிட்டு
காசு வாங்கிப் போனான் பெயின்டர்.
பதினோரு வருஷமாச்சு,
ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

உள்ளே மட்டும் எழுத்துக்கு நான் கறார்.
'டெசர்ட்' என்று அடிக்க
ஒரு எஸ் போட்டால் பாலைவனம்.
விட்டுவிட்டு ஓடுவதற்கும் அதே ஒரு எஸ்தான்.
ரெண்டு போட்டால் விருந்துக்கு அப்புறம் வரும் இனிப்பு.
போன ஆடியில் ஒரு பெண்ணுக்கு
கைவிடப்பட்டவர் சான்று கேட்கும் மனுவில்
ரெண்டாவது எஸ் தானாக விழுந்துவிட்டது.
தாலுகா ஆபீசில் சிவப்பு மையில் சுழித்து
"யாரும்மா உன்னப் பாயசமாக்குனது?" என்றார்களாம்.
அன்றிலிருந்து அந்த வார்த்தை வந்தால்
விரலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
தேவனாம்பட்டினத்துப் பூங்காவனம் வந்தாள்.
கூடையை வாசல்படியில் இறக்கினாள்,
விற்காத சங்கரா நாலு, அதன்மேல் ஈரச்சாக்கு.
ரேஷன் கார்டைப் பிரிக்க வேண்டுமாம்,
அதற்கு முதலில் இந்தச் சான்று.

"வீட்டுக்காரர் பேர்?"
"தணிகாசலம்."
"முன்னால லேட் போடணுமா?"
"லேட்டாத்தான் வருவான், ராத்திரி ரெண்டு மணிக்கு."
"இல்லக்கா, செத்துட்டாரான்னு கேட்டேன்."
"அவனா? அவனுக்கு ஏது சாவு."

"எப்ப விட்டுட்டுப் போனார்?"
"அவன் எங்க போனான்? அங்கியேதான் கெடக்கறான்.
விட்டது நானு."

கை நின்றது.
பாதி அடித்திருந்த வாக்கியத்தில்
அவள் செயப்படுபொருளாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்படிப் போட்டா சர்ட்டிபிகேட் வராதுக்கா."
"அப்ப இங்கிலீஷ்ல பொய் சொல்லணுங்கற."

தேடிப் பார்த்தேன்.
'செப்பரேட்டட்',
நடுவில் ஏ வர வேண்டிய இடத்தில்
ரொம்ப நாள் ஈ போட்டு அடித்த வார்த்தை.
ஆனால் யார் பிரிந்தார்கள் என்று அது வாய் திறக்காது,
பால் திரிந்தது என்பதுபோல
தானாக நடந்ததாகக் காட்டிவிடும்.
'சிங்கிள்' என்றேன்.
"அது டீ" என்றாள்.

'லெஃப்ட்' ஒன்று இருக்கிறது.
இடப்பக்கம் என்றாலும் அதுதான்,
விட்டுப் போனாள் என்றாலும் அதுதான்,
மிச்சம் என்றாலும் அதுதான்.
அதே நாலு எழுத்து, அதே சத்தம்.

அவளுக்கு அது பிடித்துப்போனது.
"அவன் அடிச்சது சோத்துக் கையால.
தாப்பாள எடுத்தது நானு, இந்தக் கையால"
என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.
ரப்பர் வளையலில் மீன் செதில்.
"அதுக்கப்புறம் மிச்சம் நான்தான?
அதையே போடு."

போட இடம் வேண்டுமே.
திரையில் கீழே இறங்கும் பட்டியலில்
நாலே நாலு வகைப் பெண்கள்.
ஒருத்தியைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.
பூங்காவனத்தைப் பார்த்தேன்.
"தொடு, என்ன பண்றது" என்றாள்.
கைவிடப்பட்டவள் நீலமானாள்.
ஒரு எஸ்தான். சரிபார்த்தேன்.

கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம்.
கட்டாயமில்லை என்று எழுதியிருக்கும்,
எல்லோருக்கும் காலியாக விட்டு அனுப்புவது.
அதில் கர்சரை வைத்தேன்.
"முதல் எழுத்த நீயே அடிக்கா."
"எது?"
"இதோ, பாம்பு மாதிரி வளைஞ்சது."
இடது சுட்டுவிரலை ஒரு தரம் சேலையில் துடைத்து
ஆணி அடிப்பதுபோல் அழுத்தினாள்.
மீதியை நான் அடித்தேன்.
ஷி லெஃப்ட். முற்றுப்புள்ளி.

அச்செடுத்துக் கொடுத்தேன்.
"இதுல நான் எங்க?"
காட்டினேன்.
"இம்மாந்தானா?"
"மூணு எழுத்து."

அறுபது ரூபாய்க்கு நாற்பதும் ஒரு சங்கராவும் வைத்துப் போனாள்.
அதைப் படித்த வி.ஏ.ஓ.வுக்கு
என்ன மிச்சம் என்று புரிந்ததோ தெரியாது.
என் எஸ் பட்டன் ஓரத்தில் ஒரு செதில்.
தட்டினால் சில நேரம் ரெண்டாக விழுகிறது.
அழித்து அழித்து அடிக்கிறேன்.